ஒலி நிலையம் நான்கு

முப்பது நாள் பொதுமக்கள் பார்வைக்கு
என்று ஒட்டிய தாளின் கீழே
மூன்று தடித்த தொகுதிகள்.
சங்கிலி போடலாமா என்று கேட்டார் புவான் ரொஹானி.
யார் தூக்கிப் போவது?
ஒவ்வொன்றும் ஐந்து கிலோ அரிசியின் கனம்.

சுங்கை மெராந்தி நூலகத்தில்
அகராதி அலமாரிக்கும்
ஏர்கான் சொட்டும் வாளிக்கும் நடுவே
ஒரு மேசை, ஒரு பதிவேடு,
நூலில் கட்டிய பேனா.
காவல் நான்.

முதல் வாரம்
கழிவறை எங்கே என்று கேட்டு வந்தவர் மட்டும்.
அடுத்த வாரம் பட்டறை ஆ கியோங்
படங்களைப் புரட்டினான்.
இந்தப் பக்கத்தில் குன்று,
அடுத்த பக்கத்தில் குன்று இல்லை.
"நல்லா வரைஞ்சிருக்காங்க," என்றான்
எண்ணெய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

ஆளில்லாத மதியங்களில் நானே படித்தேன்.
மலாயில் பாதி, ஆங்கிலத்தில் பாதி.
எங்கள் ஊர் அதில் வேறு பெயரில் இருந்தது.
தூசு நிலையம் இரண்டு: பழைய லயத்து வரிசை.
நீர் நிலையம் மூன்று: மூணாவது டிவிசன் பாலத்தடி.
ஒலி நிலையம் நான்கு: மாரியம்மன் கோயில் பின்சுவர்.
கல்குவாரியிலிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்குள் குடியிருப்போர்
ஏற்பிகள்.
அப்படியானால் நானும் ஒரு ஏற்பி,
தூசை ஏற்பவள், வெடிச்சத்தத்தை ஏற்பவள்.
மறுப்பி என்று ஒரு சொல் உண்டா
எனக் கடைசிப் பக்கச் சொற்பட்டியலில் தேடினேன்.

தவமலர் வந்தது பத்தொன்பதாம் நாள்,
கையுறைத் தொழிற்சாலை இரவு வேலை முடித்து,
சீருடையோடு.
வரிக்கு அடியில் விரல் வைத்துப் படித்தாள்.
தெரியாத சொல்லுக்கு என்னைப் பார்ப்பாள்.
எனக்கும் தெரியாவிட்டால்
இருவரும் அகராதியைப் பார்ப்போம்.

அட்டவணை ஆறு புள்ளி பதினான்கில்
விரல் நின்றது.
நிலையம் நான்கு, இப்போதைய சத்தம்: எழுபத்தொரு டெசிபல்.
குவாரி வந்தபின்: அறுபத்து மூன்று.
தாக்கம்: பொருட்படுத்தத் தக்கதல்ல.

"என்னைக்கு அளந்தாங்க, அக்கா?"
ஏப்ரல் இருபத்தேழு, ஞாயிறு.

தீமிதி.

இரண்டு செட்டு உருமி,
சவுக்குக் கட்டையில் கட்டிய நான்கு ஸ்பீக்கர்,
ஐஸ்கிரீம் மணி, குலவை,
காணாமல் போன பிள்ளைக்கு மைக்கில் அறிவிப்பு.
முக்காலியில் கருவியை நிறுத்திய பையனை
எனக்கு நினைவிருக்கிறது.
பசித்த முகம்.
நான்தான் சிரப் தண்ணீர் கொடுத்தேன்,
இலை போட்டு உட்கார வைத்தேன்.
எங்கள் ஒருநாள் ஆரவாரத்தை
எங்கள் அன்றாட அமைதி என்று
எழுதிக்கொண்டு போயிருக்கிறான்.

தவமலர் நான்கே வரி எழுதினாள், மலாயில்.
அடையாள அட்டை எண் போட்டாள்.
திருவிழா நோட்டீசைப் பின் குத்தினாள்.
அதே பக்கத்தில், மேலே,
சன்னாசி மூன்று முறை வேண்டாம் என்று எழுதியிருந்தார்,
பேனா தாளைக் கிழிக்குமளவுக்கு.
கீழே அவர் மகன்:
எனக்கு வேலை வேணும்.

ஏழு மாதம்.
பிறகு அனுமதி, ஐம்பத்தெட்டு நிபந்தனைகளோடு.
சன்னாசியின் மூன்று வேண்டாமும்
ஒரே கட்டத்தில் இருந்தன:
ஆட்சேபம், ஒன்று. குறித்துக்கொள்ளப்பட்டது.
நிபந்தனை நாற்பத்தொன்று மட்டும்
எங்களுக்கு அடையாளம் தெரிந்தது:
முதல் வெடிக்கு முன்
நிலையம் நான்கில்
சாதாரண நாளொன்றில்
மீண்டும் அளக்க வேண்டும்.

அதே பையன் வந்தான், ஒரு செவ்வாய்க்கிழமை.
யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.
ஆ கியோங் பட்டறைக் கதவை இறக்கியிருந்தான்.
சன்னாசி வீட்டு நாய்
எங்கேயோ கட்டப்பட்டிருந்தது.
கோயில் முனையில் நான்
மோட்டார் சைக்கிளை அணைத்தேன்.
சாதாரண நாளில் அணைக்கமாட்டேன்.
அது எனக்கும் தெரியும்,
தலை நிமிராமல் எண்ணை எழுதிய
அவனுக்கும் தெரிந்திருக்கும்.
பின்சுவர் தாண்டும்வரை
தள்ளிக்கொண்டே போனேன்.